இம்பூயா சைட்போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

2023 ஜூன் 11, ஞாயிறு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருந்து ஒரு தம்பி இந்த இணைய இழைக்கு அனுப்பிய கேள்வி

"அக்கா, ஆயா, அதாவது என் பாட்டி, வைத்திருந்த இம்பூயா மரச் சைட்போர்டு எங்கள் லவுஞ்சில் நிற்கிறது. பந்தைப் பற்றிய நகம் மாதிரி செதுக்கிய 'பால் அண்ட் கிளா' கால், நடுவில் மூன்று டிராயர், இரண்டு பக்கமும் கதவு. ஆயா அதன் மேலேயே சாமி படங்களை வைத்து விளக்கேற்றி வந்தார். இப்போது மேல்பலகை கறுத்துப் பிசுபிசு என்று இருக்கிறது. வீட்டுக்காரி வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம், இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள். மாமாவோ இம்பூயா மேல் பெயிண்ட் அடிப்பது பாவம் என்கிறார். சாக் பெயிண்ட் வாங்கினால் உப்புத்தாளே வேண்டாம், நேரே பூசிவிடலாம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா?"

ஜூன் 11, இரவு

முதலில் சைட்போர்டைச் சுவரில் இருந்து இழுத்து அதன் முதுகைப் பார் தம்பி. முதுகுப் பலகை, டிராயரின் அடிப்பக்கம், கதவின் மேல் விளிம்பு. பாலிஷ் படாத இந்த இடங்களில்தான் மரம் தன்னைக் காட்டும். கதவின் முகத்தில் ஓடுகிற ரேகை மேல் விளிம்பிலும் அப்படியே தொடர்ந்தால் அது முழு மரம். விளிம்பில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்து, அதற்கு உள்ளே வேறு நிறப் பலகையோ சிப்போர்டோ இருந்தால் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கடைக்கும் போகாதே.

சாக் பெயிண்ட் விஷயம் பாதிதான் உண்மை. 1990-இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் கொண்டுவந்த பெயிண்ட் அது. கெட்டியாக இருக்கும், பளபளக்காது, பழைய வார்னிஷ் மேலும் பிடித்துக்கொள்ளும். அதுவரை சரி. ஆனால் பல வருடம் நல்லெண்ணெயும் நெய்யும் குடித்த பலகை மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. அப்படியே பிடித்தாலும், அடியில் இருந்து மேலே ஏறி வருகிற கறையைச் சாக் பெயிண்ட் தடுக்காது. வெள்ளை அடித்தால் அடுத்த வாரமே பழுப்புத் திட்டு தெரியும்.

பாவமா என்றால், என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். என் அப்பா டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் பாலிஷ்காரராக இருந்தவர். துணிப்பொட்டலத்தில் அரக்கு பாலிஷை நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து மரத்தின் ரேகையை மேலே கொண்டுவருவார். அவர் இன்று இருந்தால் உன் மாமா பக்கம்தான் நிற்பார். நான் பெயிண்ட் அடிக்கிறவள். பல வருடமாக என் கராஜில் அதுதான் வேலை. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: பின்னால் வருகிற பேரனோ பேத்தியோ ஆசைப்பட்டால் அந்தப் பெயிண்டைக் கழற்றி மரத்தைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

ஜூன் 14

தம்பி முதுகைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். கால்கள், சட்டம், டிராயர் முகப்பு எல்லாம் முழு இம்பூயா. மேல்பலகையும் பக்கப் பலகைகளும் வெனீர். கதவுகளும் வெனீர்தான், ஆனால் இரண்டு கதவிலும் ரேகை கண்ணாடி பிம்பம் போல எதிரெதிராகப் பொருந்துகிறதாம்.

அந்தக் கதவுகளைத் தொடாதே. ஒரே கட்டையில் இருந்து அடுத்தடுத்து சீவி எடுத்த இரண்டு தாள்களைப் புத்தகம் விரிப்பது மாதிரி விரித்து ஒட்டினால்தான் அப்படிப் பொருந்தும். இன்று அப்படிச் செய்து வாங்க வேண்டுமென்றால் பையை நன்றாகத் திறக்க வேண்டும்.

ஜூன் 15

லோட்ஷெட்டிங் மின்வெட்டில் சாண்டர் (உப்புத்தாள் மெஷின்) ஓடவில்லை, எப்படித் தேய்ப்பது என்று வேறொருவர் கேட்கிறார். கரண்ட் இருந்தாலும் வெனீர் மேல் சாண்டர் வேண்டாம். வெனீரின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. விளிம்பில் ஒரு நொடி அழுத்தினால் அடிப்பலகை எட்டிப் பார்க்கும். கார்க் கட்டையில் 180 நம்பர் தாளைச் சுற்றி, ரேகையோடு போகிற திசையில் கையால் தேய்த்தால் போதும். பெயிண்டுக்குத் தேவை பளபளப்பு போவது மட்டும். வெறும் மரம் தெரிகிற வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஜூன் 18

இம்பூயா தென்னாப்பிரிக்க மரம் என்று இழையில் பலர் எழுதுகிறார்கள். அது தெற்கு பிரேசிலின் மரம். இங்கே ஸ்டிங்க்வுட் என்று ஒன்று உண்டு, இரண்டும் ஒரே இனத்துச் சொந்தம். தென்கரையில் நைஸ்னா காடுகளில் ஸ்டிங்க்வுட்டையும் யெல்லோவுட்டையும் வெட்டித் தீர்த்தார்கள். கடைசியில் 1939-இல் அரசாங்கம் மரவெட்டிகளுக்கு ஓய்வூதியம் கொடுத்து வேலையை நிறுத்தியது. பழைய கேப் பாணி மேசை நாற்காலிக்கு அதே மாதிரி அடர் பழுப்பில் ஒரு மரம் வேண்டும் என்றபோது இம்பூயா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பந்தைப் பற்றிய நகம் மாதிரி கால் வைத்து, டர்பன் முதல் பிரிட்டோரியா வரை எல்லா இனத்து வீட்டிலும் வாங்கினார்கள். நம் ஆட்களும் தவணையில் வாங்கினார்கள். கல்யாணமான புதிதில் வாங்கிய சைட்போர்டு, டிஸ்ப்ளே கபினெட் இரண்டும்தான் பல வீடுகளில் முதல் பெரிய சொத்து.

கியாட் என்கிற ஆப்பிரிக்க மரத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டார். கியாட் நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவு. வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும். உன்னிடம் கியாட் சாமான் இருந்தால் தயவுசெய்து பெயிண்ட் டப்பாவைத் திறக்காதே, எண்ணெயோ மெழுகோ போட்டு வை. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

இம்பூயாவைத் தேய்க்கும்போது ஜாதிக்காய் மாதிரி மணக்கும். மணம் நன்றாக இருக்கிறதே என்று முகக்கவசம் இல்லாமல் தேய்க்கக் கூடாது. அந்தத் தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும், சிலருக்குத் தோலிலும் அரிக்கும். தாளைத் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொண்டால் தூள் பறக்காது. வெனீர் என்றால் ஈரம் மிகக் குறைவாக இருக்கட்டும், பசை விட்டுவிடும்.

ஜூன் 19

தம்பி, டிராயருக்குள் மணல் மாதிரி கொட்டிக் கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அது சின்ன விஷயம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பூதக்கண்ணாடியில் பார். ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையோடு குட்டி விதை மாதிரி இருந்தால் அது உலர்மரக் கறையான். மேற்கிந்தியத் தீவுகளின் பெயரோடு வந்து டர்பன் கரையோரத்தில் நிரந்தரமாகக் குடியேறிய பூச்சி. மண்ணோடு அதற்குத் தொடர்பே வேண்டாம், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். பவுடர் மாதிரி மாவாக இருந்தால் அது வண்டு.

எதுவாக இருந்தாலும் அதன் மேல் பெயிண்ட் அடித்து மூடாதே. துளை அடைபடும், வேறொரு துளை போட்டுக்கொண்டு உள்ளே தின்றபடியே இருக்கும். டர்பன் இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வீடு விற்கும்போது வண்டுச் சான்றிதழ் கேட்கிற வழக்கம் சும்மா வரவில்லை. ஒரு சைட்போர்டில் இருந்து கூரைக் கட்டைக்குப் போக அதற்கு ஒரு பறக்கும் பருவம் போதும். பூச்சி மருந்து அடிக்கிறவரைக் கூப்பிட்டுப் புகை போடச் சொல். அதுவரை அந்தச் சாமானை மற்றவற்றில் இருந்து தள்ளி வை.

ஜூன் 26

வண்டுதான், அதுவும் பழையது, இப்போது உயிர் இல்லை என்று வந்து பார்த்தவர் சொல்லிவிட்டாராம். நல்லது. துளைகளில் மக்கு (புட்டி) வைத்து அடைத்துவிடு.

இனி கழுவுகிற வேலை. இந்த இழையில் இதைப் படிக்காமல் தாண்டுகிறவர்களுக்கு மற்ற எதுவும் உதவாது.

சாமி வைத்த பலகையில் இருப்பது ஒரு அழுக்கு இல்லை, பல அடுக்கு. மேலே புகைக்கரி. அதற்குக் கீழே கர்ப்பூரமும் ஊதுவத்தியும் விட்ட பிசின். அதற்கும் கீழே நல்லெண்ணெய், நெய். எண்ணெய் காற்று பட்டுக் காய்ந்து இறுகி ஒரு மாதிரி வார்னிஷாகவே ஆகியிருக்கும். ஓரங்களில் மஞ்சள், குங்குமம். பக்கப் பலகைகளிலும் கதவிலும் வேறு வகை. ஆயா வாராவாரம் ஸ்ப்ரே பாலிஷ் போட்டுத் துடைத்திருப்பார். பல ஸ்ப்ரேக்களில் சிலிகான் இருக்கும், அதன் மேல் பெயிண்ட் விழுந்தால் குட்டிக் குட்டி வட்டமாக விலகி ஓடும்.

வரிசை முக்கியம். முதலில் கரியை உலர்ந்த பிரஷால் தட்டி எடு. ஈரத் துணியை முதலிலேயே வைத்தால் கரி ரேகைக்குள் இறங்கிவிடும். அடுத்து டர்ப்ஸ், அதாவது டர்பன்டைன். வெள்ளைத் துணியில் நனைத்துத் துடை, துணியை அடிக்கடி மாற்று. துணியில் பழுப்பு வருவது நிற்கிற வரைக்கும். ஒரே துணியை வைத்துக்கொண்டு தேய்த்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர வெளியே வராது. அதன் பிறகுதான் சுகர் சோப், பெயிண்டுக்கு முன்னால் கழுவுகிற காரத்தன்மை உள்ள சோப்பு. கடைசியில் சுத்தத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காய விடு.

சுகர் சோப் பட்டதும் மேல்பலகையில் சிவப்புத் திட்டுகள் தோன்றும். பயப்படாதே. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் ஆரத்தி கரைப்பதும் அதே காரணத்தால்தான். வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் திரும்ப மஞ்சளாகும். அப்புறம் வெயிலில் வை. மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, இங்கே குளிர்காலமான ஜூன் வெயிலிலேயே வெளுத்துப் போகும். குங்குமம் அப்படிப் போகாது. கடைக் குங்குமத்தில் பெரும்பாலும் சாயம் இருக்கிறது, அதை அடைக்கத்தான் வேண்டும்.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது, குறிப்பாக லின்சீட் எண்ணெய் பட்டவற்றை. குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காய வைத்துவிட்டுப் போடுங்கள்.

ஜூலை 2

முதல் நாள் இரவு சொன்ன வழிக்கு வருகிறேன். அரக்கு. கடையில் ஷெல்லாக் என்று கேட்க வேண்டும். அப்பா பாலிஷ் போட்ட அதே அரக்கு, இந்தியாவில் மரக்கிளையில் பூச்சி கட்டுகிற பிசின், ஸ்பிரிட்டில் கரைத்தது.

கழுவிய பலகைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அரக்கைப் பூசு. இம்பூயாவின் சாயமும் மீந்திருக்கிற எண்ணெயும் குங்குமமும் அதைத் தாண்டி வராது. பெயிண்ட் மரத்தின் துளைகளுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். நாளைக்கு யாராவது பெயிண்டை எடுக்க நினைத்தால் அரக்கைக் கரைத்தால் போதும், பெயிண்ட் அதோடு சேர்ந்து கிளம்பி வரும். வெறும் மரத்தின் மேல் நேரே அடித்த வெள்ளை, இம்பூயாவின் துளைகளில் புள்ளிப் புள்ளியாகப் பிடித்துக்கொண்டு பெயிண்ட் கழற்றுகிற எந்த ஸ்ட்ரிப்பருக்கும் வராது. மாமா பாவம் என்று சொல்வது இந்த மாதிரி வேலையைப் பார்த்துத்தான் இருக்கும். அதில் அவர் சொல்வது நியாயம்.

பழைய பாலிஷ் உரியாமல் நன்றாக இருக்கிற இடத்தில் அதைச் சுரண்ட வேண்டாம், அதுவே ஒரு காப்பு. என்ன பாலிஷ் என்று தெரிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வை. ஒட்டிப் பிசுபிசுத்தால் அரக்கு. அசையவில்லையா, லாக்கர் தின்னர் தொட்டு வை. அதில் கரைந்தால் ஃபேக்டரியில் அடித்த லாக்கர் வார்னிஷ். இரண்டுக்கும் மசியாவிட்டால் பாலியூரித்தேன் மாதிரி ஏதோ ஒன்று.

ஜூலை 3

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். குங்குமச் சாயம் ஸ்பிரிட்டிலும் கரையும். ஆகவே அரக்கின் முதல் பூச்சில் கொஞ்சம் இளஞ்சிவப்பு ஏறும். அதைத் திரும்பத் திரும்பப் பிரஷால் தடவாதே, ஒரே இழுப்பில் பூசிவிட்டு விடு. காய்ந்த பிறகு மெல்லிசாக இரண்டாவது பூச்சு. கனமாக ஒன்றைவிட மெல்லிசாக இரண்டு நல்லது. ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் எந்தச் சுடரும் வேண்டாம்.

ஜூலை 9

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருந்து ஒரு அண்ணன் கோபமாக எழுதியிருக்கிறார். நான் சொன்ன மாதிரி எல்லாம் செய்தும் தண்ணீர் பெயிண்ட் மாவு மாதிரி உதிர்கிறதாம். கராஜில் அடித்தீர்களா அண்ணா? எந்த நேரத்தில்? ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கிற ஊர், ஜூலை இரவில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும். பத்து டிகிரிக்குக் கீழே தண்ணீர் பெயிண்டின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாக மாறாது. மதியம் காய்ந்த மாதிரி தெரியும், இரவில் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து அடியுங்கள், இரவும் உள்ளேயே இருக்கட்டும்.

டர்பன்காரர்களுக்கு இது தலைகீழ். எங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் பெயிண்ட் மாதங்கள். மழை குறைவு, பகலில் இருபது டிகிரிக்கு மேல், காற்றில் ஈரம் குறைவு. டிசம்பரில் அடித்தால் எனாமல் நாள்கணக்கில் ஒட்டும். மலைப்பக்கம் இருந்து சூடாக இறங்குகிற பெர்க் காற்று வீசுகிற நாளில் மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் பிரஷ் அடுத்த பக்கம் போவதற்குள் முதல் பக்கம் காய்ந்து கோடு விழும்.

ஜூலை 16

ஒரு தாய் கேட்கிறார்: தன் மாமியார் வீட்டில் இருந்து வந்த பழைய தொட்டில், பச்சைப் பெயிண்ட் உரிகிறது, சுரண்டிப் புதிதாக அடிக்கலாமா?

அம்மா, கொஞ்சம் நில்லுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். இந்த நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு 600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 600 பங்கு) என்று சட்ட வரம்பு வந்ததே 2009-இல்தான். அதற்கு முந்திய பெயிண்டை உலர்ந்த தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பரவும், தவழுகிற குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. தொட்டில் என்றால் குழந்தை விளிம்பைக் கடிக்கவும் செய்யும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அந்தத் தொட்டிலில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். நினைவுக்காக வைத்துக்கொள்ள ஆசை என்றால் உரிகிற பெயிண்டை நனைத்து எடுத்து, மூடி அடித்து, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தம்பியின் சைட்போர்டில் இந்தக் கவலை இல்லை, அதில் பெயிண்டே பட்டதில்லை.

ஜூலை 23

தம்பியின் வீட்டுக்காரியே எழுதியிருக்கிறார். நான் எதிர்பார்த்த கடிதம் இல்லை அது. "அக்கா, எனக்கு ஆயாவின் சாமான் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. எங்கள் லவுஞ்சில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. அந்தக் கறுப்புச் சைட்போர்டு இருக்கிற பக்கம் மதியத்திலேயே லைட் போட வேண்டியிருக்கிறது. லோட்ஷெட்டிங்கில் அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை."

தங்கச்சி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி ஆரம்பித்திருப்பேன். நீ சொல்வதுதான் சரியான காரணம்.

ஆகஸ்ட் 9

விடுமுறை. நேரம் இருக்கிறது, கொஞ்சம் பழைய கதை.

அந்தச் சைட்போர்டுகள் இந்த வீடுகளுக்காக வாங்கியவை அல்ல. டர்பனில் கேட்டோ மேனரிலும் கிளேர்வுட்டிலும் நம் ஆட்கள் மரமும் தகரமும் வைத்துக் கட்டிய வீடுகளில் இருந்தார்கள். வெளியில் இருந்து பார்த்தால் எளிய வீடு, ஆனால் கூட்டுக் குடும்பத்துக்காக அறை மேல் அறையாகச் சேர்த்துக்கொண்டே போனது, முன்னால் வராந்தா, சுற்றி மாமரம், முருங்கை, கறிவேப்பிலை. 1950-இல், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்குப் போங்கள் என்றார்கள். லாரியில் சாமான் ஏற்றி வந்து இறக்கினால் புது வீட்டின் வாசலுக்குள் சைட்போர்டு நுழையவில்லை. எங்கள் பெரியம்மா வீட்டில் காலை அறுத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அப்பாதான் வந்து அறுத்தார். அறுத்த கால்களைத் துணியில் சுற்றிப் பெரியம்மா கிஸ்ட் பெட்டிக்குள் வைத்திருந்தார், பெரிய வீடு வந்தால் திரும்ப ஒட்டலாம் என்று.

தங்கச்சியின் கடிதத்தைப் படித்ததில் இருந்து இதுதான் நினைவு. வீடு சிறிதாகியும் சாமானை விடாமல் வைத்திருந்தார்கள். அறுத்தார்கள், நகர்த்தினார்கள், அதன் மேல் சாமியை வைத்தார்கள். பெயிண்ட் அடிப்பதும் அந்த வரிசையில் ஒன்று என்றுதான் எனக்குப் படுகிறது. கொடுத்துவிட்டால் பழைய சாமான் கடைக்காரர் பக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார், அதோடு சரி.

ஆகஸ்ட் 13

என் முடிவைச் சொல்கிறேன். செய்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

மேல்பலகை வெனீர், கறுத்துவிட்டது, ஓரம் உப்பியிருக்கிறது. பெயிண்ட். பக்கப் பலகைகளும் சட்டமும் பெயிண்ட். ரேகை பொருந்திய கதவுகள் பெயிண்ட் இல்லை, கழுவி அரக்கு பாலிஷ். கால்கள் பெயிண்ட் இல்லை. டிராயர் முகப்பில் நான் இரண்டு மனதாக இருந்தேன். முழு மரம், அதனால் விட்டுவிடலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் கதவு, டிராயர், கால் எல்லாம் கறுப்பாகவே இருந்தால் முன்பக்கம் முழுக்கக் கறுப்பு, தங்கச்சிக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? டிராயர் முகப்புக்கு அரக்கு தடவி அதன் மேல் பெயிண்ட். அடியில் மரம் பத்திரமாக இருக்கும்.

நிறம்: சுத்த வெள்ளை வேண்டாம். இம்பூயாவுக்குப் பக்கத்தில் சுத்த வெள்ளை மருத்துவமனை அலமாரி மாதிரி நிற்கும், இம்பூயாவும் இன்னும் கறுப்பாகத் தெரியும். பால் கலந்த க்ரீம், லேசாக மஞ்சள் பக்கம் சாய்ந்தது. எல்லாரும் இப்போது அடிக்கிற சாம்பல் நிறத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். நிழலான அறையில் சாம்பல் இன்னும் குளிரும். ஆழ்ந்த பச்சை, மயில் நீலம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நம் கோயில்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது அந்நியமே இல்லை. வெளிச்சமான அறை உள்ளவர்கள் தைரியமாக அடியுங்கள். டப்பா மூடியைப் பார்த்து முடிவு செய்யாமல் ஓர் அட்டையில் அடித்து அறையிலேயே காலையும் மாலையும் வைத்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 14

டிராயர் ஓடுகிற கட்டைகளுக்குப் பெயிண்ட் வேண்டாம். மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். கீல்களைக் கழற்றும்போது ஒவ்வொரு கதவின் திருகாணிகளையும் தனித்தனி டப்பாவில் போட்டுக் குறித்து வை. பித்தளைக் கைப்பிடியை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி வரும்.

செப்டம்பர் 3

மேல் பூச்சு பற்றிச் சண்டை நடக்கிறது, மெழுகா வார்னிஷா என்று. சாதாரண அலமாரிக்கு மெழுகு அழகாக இருக்கும். விளக்கு வைக்கிற இடத்துக்கு மெழுகு கூடவே கூடாது. தேன்மெழுகு 60 டிகிரி தாண்டினால் உருகும், எண்ணெய் சொட்டினால் கரையும், அதன் மேல் பின்னால் வேறு பெயிண்ட் பிடிக்காது. தண்ணீர் கலந்த தெளிவான பாலியூரித்தேன் போடு. எண்ணெய் கலந்ததைப் போட்டால் க்ரீம் நிறம் மஞ்சளாகிவிடும்.

அதைவிட முக்கியம், விளக்கு பலகையைத் தொடக் கூடாது. ஒரு டைல்ஸ் துண்டோ கல்லோ வைத்து, அதன் மேல் பித்தளைத் தட்டு, அதன் மேல் விளக்கு. பழைய ஃபேக்டரி லாக்கர் சீக்கிரம் தீப்பற்றுகிற பொருள். மேலே தட்டு உள்ள கபினெட்டுக்குள் சுடர் வைக்கவே வேண்டாம். கர்ப்பூரத்தை வெளியே கையில் எடுத்துக் காட்டிவிட்டு அணைத்துவிடலாம்.

செப்டம்பர் 24

பாரம்பரிய நாள், ஊரெல்லாம் பிராய் புகை, வெளியே கறி சுடுகிற புகை. புரட்டாசி என்பதால் எங்கள் தெருவில் கொஞ்சம் குறைவு.

தம்பியும் தங்கச்சியும் அடித்து முடித்துவிட்டார்கள். மாமா வந்து பார்த்துவிட்டுக் கதவை மட்டும் தடவிக் கொடுத்தாராம், பெயிண்டைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். அது போதும். சாமி படங்களை உடனே ஏற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். தொட்டால் ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் எனாமல் உள்ளுக்குள் இறுக மூன்று நான்கு வாரம் எடுக்கும். அதற்குள் கனமான படச்சட்டம் வைத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். டிராயரையும் இரவில் இறுக்கி மூடாமல் விரல் அளவு திறந்து வையுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை பூஜைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போதும்.

அக்டோபர் 8

தீபாவளிக்குள் முடிக்கணும், இப்போது ஆரம்பிக்கலாமா என்று ஒரே வாரத்தில் நிறையப் பேர். தீபாவளி நவம்பர் 12. இறுக நான்கு வாரம் விட்டுப் பின்னோக்கி எண்ணினால் கடைசிப் பூச்சு அக்டோபர் 15-க்குள் விழ வேண்டும். கழுவவும் காயவும் அரக்குக்கும் ஒரு வாரம் போய்விடும். இன்று டர்ப்ஸ் துணியைக் கையில் எடுத்தவர்களுக்கு முடியும், மழை விட்டால். அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்கிறவர்கள் இப்போதைக்குக் கழுவி, கைப்பிடியைத் துலக்கி, பழைய பாலிஷ் மேல் ஒரு அரக்குப் பூச்சு மட்டும் கொடுத்து வையுங்கள். பெயிண்ட் அடுத்த ஜூனில். கழுவிய பிறகு சிலருக்கு மரமே போதும் என்று தோன்றலாம், அப்படித் தோன்றினால் டப்பா வாங்க வேண்டாம்.

டைனிங் நாற்காலி பற்றிக் கேட்டவருக்கு: மூட்டு ஆடுகிறது என்றால் பெயிண்டுக்கு முன்னால் பசை போட்டு இறுக்குங்கள். ஆடுகிற மூட்டின் மேல் அடித்த எந்தப் பெயிண்டும் முதல் விருந்தாளி உட்கார்ந்ததும் வெடிக்கும்.